காணிப்பாக்கத்தில் செய்த சத்தியம்

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிவசங்கரி என் வீட்டுப் பின்கட்டு அறையைப் பார்க்க வந்தபோது மாம்பழ சீசன். சித்தூர் முழுக்க மாங்கூழ் வாசனை. தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பிப் படகேறி, முகாமில் இருந்துவிட்டு வந்தவள். நெற்றியில் பெரிய குங்குமம். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். ஷெல் விழுந்த நாளில் காணாமல் போனார், வந்துவிடுவார் என்றாள். வாடகை கூடப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மறுவருஷம் அவள் கொழுந்தன் குணசீலன் அவளைத் தேடி வந்தான். அண்ணன் உயிரோடு இருக்கிறார், எப்படியும் வருவார் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் சொன்ன சொல் பொய்யாகாது என்று நான்தான் அவளிடம் பெருமையாக அளந்திருந்தேன். அவனைக் கையோடு பஸ் ஏற்றினாள். நானும் கூடப் போனேன். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு நின்று, அண்ணன் வந்து சேருவார் என்று அவன் சத்தியம் செய்தான்.

திரும்பி வந்ததும் கிணற்றடியில் என்னிடம் உடைந்து அழுதான்.

"என்ர கையாலதான் புதைச்சனான், காஞ்சனாக்கா. அண்ணிட்டச் சொல்ல ஏலாமப் போச்சு."

அன்று விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை. பின்கதவை யாரோ தட்டினார்கள்.

வெளியாள் தட்டுகிற மாதிரி இல்லை. வீட்டு ஆள் தட்டுகிற மாதிரி, மெதுவாக.

ஈர மண் வாசனை வந்தது. ஊரில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

"சங்கரி..."

குணசீலன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தாழ்ப்பாளைத் திறக்கப் போன சிவசங்கரியின் கையை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"தொறக்காத தாயி. அவரு செத்துப் பூட்டாரு. உன் கொழுந்தன்தான் பொதைச்சிட்டு வந்துகீறான்."

அவள் அசரவில்லை. "தெரியும் அக்கா. அவன்ர முகத்திலயே தெரிஞ்சது. அதுக்குத்தான் சத்தியம் செய்யச் சொன்னனான்."

கதவைத் திறந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். என் பாதம் சில்லிட்டது. அறைக்குள் ஓர் ஆண் விம்மி அழுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் வந்தார். சிவசங்கரி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். குழந்தைதான் நாளுக்கு நாள் வெளுத்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல், உடம்பெல்லாம் ஐஸ். எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் புருஷனை விட்டு மகளைத்தான் அவள் பார்க்க வேண்டியிருந்தது. கனடாவில் இருந்த சொந்தக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவரிடம் சொல்லாமல், பட்டப்பகலில், வாயைப் பொத்தி அழுதுகொண்டே கிளம்பினாள்.

அன்று சாயங்காலமும் கதவு தட்டப்பட்டது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அவ இங்க இல்ல சாமி. கனடா பூட்டா. புள்ளைக்கோசரம்தான் பூட்டா."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"எப்ப வருவா?"

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் விளக்கு வைத்ததும் வந்து கேட்கிறார். வருவாள் என்றுதான் சொல்கிறேன். வேறு என்ன சொல்ல?