தாடைக்குக் கீழே பத்து விரல்

லாரி ஓட்டுநரின் கழுத்துப் படத்தில் விரல்கள் இருந்தன.

படம் பார்க்கும் அறைக்குச் சன்னல் கிடையாது. வெளியே பதினொரு மணி வெயில் கொளுத்தினாலும் உள்ளே திரையின் நீல வெளிச்சம் மட்டும்தான். ஏசியின் உறுமலும் சூடேறிய வயரின் வாடையும் நேற்றைய காபி காய்ந்து ஒட்டிய கோப்பையுமாகக் கிடந்த அந்த இருட்டில்தான், பதினெட்டு வருடமாக டாக்டர் ஊரார் எலும்புகளை இளக்காரமாகப் பார்த்துவந்தார். எந்தப் படம் வந்தாலும் 'நார்மல்' என்று எழுதித் தள்ளுவதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு நார்மல் டாக்டர் என்று பெயர். அது காதில் விழுந்தபோது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அவ்வளவு விவரம்.

பக்கவாட்டில் எடுத்த படம். மண்டையோடு, தாடை, கழுத்தெலும்பு ஏழு. தாடைக்குக் கீழே, தலையை யாரோ ஏந்திப் பிடித்தமாதிரி, விரலெலும்புகள்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். கையைக் கீழே போடச் சொல்லக்கூடத் தெரியாதா என்றார். ஓட்டுநரின் கைகள் தொடையோடு ஒட்டித்தான் இருந்தன என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த படம் ஒரு கல்லூரி மாணவியுடையது. அதிலும் விரல்கள். இடது சுண்டுவிரல் எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. பக்கத்து விரலில் மோதிரம்.

அந்தக் கோணல் விரலை அவர் திங்கட்கிழமையே பார்த்திருந்தார்.

திங்களன்று வந்தவள் தையல்காரி. இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டே உள்ளே வந்தாள். குனிந்தால் பின்கழுத்தில் மின்னல் வெட்டுகிறது, கை கால் மரத்துப்போகிறது, தலை கழுத்தில் நிற்கவில்லை என்றாள். எக்ஸ்ரேக்கு நின்றபோதும் கையை எடுக்கவில்லை. விரலெலும்பும் மோதிரமும் படத்தில் விழுந்திருந்தன. டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பின் முளை அதற்குள் நிற்கும். நடுவில் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். பிறகென்ன?

படுத்திருக்கும்போது சமர்த்தாக இருக்கும் எலும்பு குனிந்தால் நழுவும் என்பது அவர் படித்ததுதான். குனியவைத்து ஒன்று, நிமிரவைத்து ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. இந்த நாடகக்காரிக்கு எதற்குப் பத்து நிமிடம்?

"ஒரே ஒரு தடவை குனியவச்சு எடுத்துப் பாருங்க டாக்டர்," என்றாள்.

"தலை என்னம்மா, பாட்டில் மூடியா? கழண்டு விழ?"

அவள் விரல்களைத் தானே பிரித்தார். கோணல் சுண்டுவிரலில் தொடங்கி, மோதிர விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். பாருங்கள், நிற்கிறது என்றார். நார்மல் என்று எழுதினார்.

அவள் எழுந்து, கைகளை மறுபடி தாடைக்குக் கொண்டுபோனாள்.

"நீங்க எடுத்துட்டீங்க. பிடிச்சுக்க வேற யாரு இருக்கா டாக்டர்?"

புதன்கிழமை அவள் கணவர் படங்களை வாங்க வந்தார். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவள் நிமிரவேயில்லை என்றார். டாக்டர் விதி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஸ்கேன் படுக்கவைத்து எடுத்தது என்று குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மனுஷன் அப்படி.

இன்று வெள்ளி. திரையில் அதே மோதிரம்.

தகடு கோளாறு என்று முடிவுகட்டினார். பழைய படத்தின் மிச்சம் அதில் படிந்திருக்கிறது; எக்ஸ்ரே பெண்ணுக்குத் துப்புரவாக அழிக்கத் தெரியவில்லை. நிரூபிக்கிறேன் பார் என்று தானே போய் எக்ஸ்ரே பலகையின் பக்கத்தில் நின்றார். கைகளைத் தொங்கவிட்டார்.

"நேராவா சார், குனிஞ்சா?" என்றாள் அந்தப் பெண்.

"குனிஞ்சே எடு."

குனிந்தார். பின்கழுத்தில் மின்னல் வெட்டியது. உள்ளே எதுவோ, இழுப்பறை நழுவுவதுபோல, சன்னமாக முன்னால் சரிந்தது. எக்ஸ்ரே கருவியின் மணி ஒலித்து அடங்கியது. படம் விழுந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"சார், அசையாதீங்க. தயவுசெஞ்சு அப்படியே இருங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். குனிந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தினார். அளக்கத் தேவையில்லை. பத்து மில்லிமீட்டர். வளையம் முன்னால் போயிருந்தது. முளை தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

தாடைக்குக் கீழே விரல்கள். பத்தும்.

கைகளைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. தோள் வரை மரத்திருந்தது.

தாடையில் சில்லென்றது. காதுக்குப் பின்னால் இரண்டு கட்டைவிரல். மெஷின் எண்ணெய் வாடை. புதுத் துணி வாடை.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கெஞ்சினார்.

"எடுக்காதீங்கம்மா."

கோணல் சுண்டுவிரல் விலகியது.

பிறகு மோதிர விரல்.

பிறகு நடுவிரல். நிதானமாக. ஒவ்வொன்றாக.