அடக்கமான வீடு

தரகர் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பாருங்க, அடக்கமான வீடு. கீழ ரெண்டு ரூம், மேல ஒண்ணு. தனி வீடு. பக்கத்து வீட்டுச் சுவரு ஒட்டாது," என்றார். ஆனால் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றச் சோம்பலாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். பின்வாசலில் தொங்குகிறவனுக்கும் காது கேட்கும்படி அதட்டி அதட்டி முறுக்கேறிய தொண்டை. கணவன் தையல்காரன், வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவன். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் டமாரம். அந்தப் பிள்ளை சிரித்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அந்தச் சிரிப்பாலேயே குடியிருந்த வீடெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. மேல் வீட்டுக்காரர் தரையை இடிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து நிற்பார்: "பிள்ளைய அடக்கி வைங்க, இல்லன்னா வேற இடம் பாருங்க."

"டமாரம், இங்க வா," என்று அவள் மகளை நடுக்கூடத்தில் நிறுத்தினாள். "மேலயும் ஆளில்ல, சுவரை ஒட்டியும் ஆளில்ல. உன் ராஜ்ஜியம். தொண்டை கிழியக் கத்து."

பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து, "ஓ...ய்!" என்றது.

காலி வீடு. எதிரொலித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் பஞ்சுப் பொதிக்குள் விழுந்த கல்லாய் விழுந்த இடத்திலேயே அமுங்கிப்போனது.

"பல வருஷமா பூட்டியிருந்த வீடுன்னீங்க, ஒரு தூசி இல்லையே," என்றான் தையல்காரன், ஜன்னல் கட்டையை விரலால் தடவி. சலவைச் சோடாவும் கஞ்சியும் கலந்த வாடை மட்டும் லேசாக அடித்தது.

"நான்தான் சொன்னேனே, அடக்கமான வீடுன்னு," என்றார் தரகர். சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

ஆரம்பத்தில் சொர்க்கமாகத்தான் இருந்தது. அவசரத்தில் உதறிவிட்டுப்போன செருப்புகள் திரும்பி வரும்போது சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். நூல்கண்டுகள் கறுப்பில் தொடங்கி வெள்ளை வரை நிறவாரியாக அடுக்கியிருக்கும். துண்டுகளின் மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போலிருக்கும். இதெல்லாம் கணவன் வேலை என்று அவளும், மனைவி வேலை என்று அவனும் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டார்கள்.

"துணியெல்லாம் எப்ப மடிச்ச?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"நானா? நான் டிப்போவுல இருந்து இப்பத்தானே வர்றேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன்தான் முதலில் சமாளித்தான். "சரி விடு. பேய்னாலும் பொறுப்பான பேய். சோறும் கேக்கல, லீவும் கேக்கல. நீகூட இப்படி மடிச்சதில்ல."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சேர்ந்துகொண்டான்.

சிரித்து முடிப்பதற்குள் மாடிப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உஷ்ஷ்.

அன்றிலிருந்து வீடு இறுகத் தொடங்கியது. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே திருகு தானாகத் திரும்பி அடங்கும். தையல்காரன் மெஷினை மிதித்தால் நூல் அறும்; மாற்றிக் கோத்தால் மறுபடி அறும். அவன் வேலையைக் குறைத்துக்கொண்டான். குரலையும் குறைத்துக்கொண்டான். கரண்டி பாத்திரத்தில் பட்டுவிடாமல் சாப்பிடப் பழகினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலிருந்தால் கை தானாகப் பதுங்கும், அவ்வளவுதான்.

ஒரு காலையில் டமாரம் எழுந்து வந்தபோது இரட்டைச் சடை பின்னியிருந்தது. புருவம் மேலேறி, கண் சாய்ந்துபோகும் அளவுக்கு இறுக்கிய பின்னல்.

"யாருடி பின்னிவிட்டா?"

பிள்ளை உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு தாயின் காதோரம் வந்து, காற்று மாதிரி சொன்னாள்: "மெதுவா பேசும்மா. அவங்களுக்குச் சத்தம் ஆகாது."

"எவங்களுக்கு?"

பிள்ளை திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

தாய் சடையை அவிழ்த்தாள். முடியில் கஞ்சி பூசியிருந்தது.

"வேற வீடு பாத்துரலாமா?" என்று தையல்காரன் கிசுகிசுத்தான்.

"எங்க போறது? மனுஷங்க துரத்தினாங்க, மூட்டையக் கட்டினோம். இப்ப முகமே இல்லாத ஒண்ணு துரத்தினாலும் மூட்டை கட்டணுமா?" என்று அவளும் கிசுகிசுத்தாள். கிசுகிசுக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். ஷிஃப்ட் முடிந்து, வெயில் மண்டையைப் பிளக்கத் தெருவுக்குள் திரும்பினாள். மற்ற வீடுகளில் குக்கர் விசிலும் குழாயடிச் சண்டையுமாகத் தெரு கலகலத்துக் கிடந்தது. அவள் வீட்டு வாசலோடு அத்தனையும் அறுந்து நின்றது.

கதவு தாழிடாமல் இருந்தது.

கூடத்தில் மேசை. மேசையின் இரு பக்கமும் அவள் கணவனும் மகளும். முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. கைகள் முழங்கால்மேல். தண்ணீர் தொட்டு வாரிய தலை. அவன் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தது. அவன் ஜென்மத்தில் அந்தப் பொத்தானைப் போட்டதில்லை. தையல் மெஷினைச் சவத்துக்குப் போர்த்துவதுபோல் வெள்ளைத் துணியால் மூடி, நாலு மூலையும் செருகியிருந்தது.

"என்னங்க?"

இருவரும் அசையவில்லை. கண்கள் மட்டும் அவள் பக்கம் உருண்டன. உதடுகள் ஒட்டிக் கிடந்தன. ஓரங்களில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

மகளின் கண்ணில் நீர் திரண்டது. வழிந்தது.

பாதிக் கன்னம் இறங்குவதற்குள் அதை யாரோ துடைத்தார்கள்.

துணி தெரியவில்லை. கையும் தெரியவில்லை. கன்னம் மட்டும் அழுந்தி, இழுபட்டு, மீண்டது.

மூன்றாவது நாற்காலி ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்து அவளுக்காகக் காத்து நின்றது.

உஷ்ஷ். இந்த முறை காதுக்குள்ளேயே.

அவள் கால்கள் நாற்காலியை நோக்கி நடந்தன. அவள் நடக்கவில்லை, கால்கள் நடந்தன. கை தானாக எழுந்து யூனிஃபார்மின் கழுத்துப் பொத்தானைத் தேடியது. உள்ளே ஏதோ ஒன்று, உட்கார்ந்துவிடு, எவ்வளவு நிம்மதி பார், என்றது. அப்போது மகளின் அடுத்த கண்ணீர்த் துளி இறங்கியது. மறுபடி அந்தக் கன்னம் அழுந்தியது.

"ச்சீ, கைய எடு!"

சொல்லி முடிக்கவில்லை, ஒரு உள்ளங்கை அவள் வாயை மூடியது. சில்லென்று, நெடுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல். சோடா வாடை மூக்கில் ஏறியது. தலை பின்னால் வளைந்தது. மூச்சு நின்றது.

அவள் கடித்தாள்.

பல் பதியுமட்டும் கடித்தாள். நாக்கு முழுக்கக் காரச் சோடா எரிந்தது. பிடி விலகியது. எச்சிலைத் தரையில், அந்தப் பளபளக்கும் தரையில், காறித் துப்பினாள்.

"யார்கிட்ட? நான் தினம் ஊரையே கத்தி பஸ்ஸுக்குள்ள தள்ளறவ!"

காலை ஓங்கி நாற்காலியை உதைத்தாள். அது உருண்டு விழுந்தது. விழுந்த நாற்காலி மெல்ல, மிக மெல்ல, தானாக எழுந்து நேராக நின்றது. மறுபடி உதைத்தாள். மறுபடி எழுந்தது. மூன்றாம் முறை உதைத்துவிட்டு அதன்மேலேயே காலை ஊன்றி நின்றாள். அடியில் மரம் துடிப்பது உள்ளங்காலில் தெரிந்தது. மேசைமேலிருந்த தட்டுகளை ஒரே வாரில் வாரி எறிந்தாள். கணீரென்று சத்தம் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது.

"இது என் வீடு, கேட்டுக்க! இங்க பசிச்சா கேப்பாங்க, வலிச்சா அழுவாங்க, சிரிப்பு வந்தா கூரை பறக்கும். துணி மடிக்கணுமா, மடிச்சிட்டுப் போ. என் பிள்ளை வாயில கை வச்ச, விரல ஒடிச்சிருவேன்! பிடிக்கலன்னா நீ கிளம்பு. நாங்க இங்கதான் இருப்போம்!"

மகளை வாரி இடுப்பில் இருத்திக்கொண்டாள். கட்டை மாதிரி விறைத்திருந்தாள் பிள்ளை.

"அழுடி என் தங்கம். அம்மா இருக்கேன். தெருவே கேக்கட்டும், அழு."

உதட்டில் காய்ந்திருந்த கஞ்சி ஒரு கோடாக விரிந்தது. பொருக்கு உதிர்ந்தது. டமாரம் வாயைத் திறந்தாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படி ஓர் அழுகை. தையல்காரன் பெருமூச்சோடு மேசைமேல் சரிந்தான். கழுத்துப் பொத்தானைப் பிய்த்து எறிந்தான். பொத்தான் தரையில் துள்ளித் துள்ளி ஓடியது.

பக்கத்து வீட்டு அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். "என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. பிள்ளை அழுதா."

அக்கா போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். சிதறிய தட்டுகளைப் பார்த்தாள். "முன்ன இங்க இருந்த அம்மாவுக்கும் பிள்ளைங்க உண்டு," என்றாள் மெதுவாக. "பாத்தா பொம்மை மாதிரி இருக்கும்ங்க. வீடும் கோயில் மாதிரி வச்சிருப்பா. அதுங்க சிரிச்சோ அழுதோ ஒருநாள்கூட நான் கேட்டதில்ல. எப்ப இல்லாமப் போச்சுங்கன்னும் தெரியாது." டமாரத்தை உற்றுப் பார்த்தாள். "உனக்கு எத்தனை பிள்ளைம்மா?"

"இவ ஒருத்திதான்."

"இப்ப மூணு குரல் அழுதுச்சே."

சொல்லிவிட்டு அக்கா தன் வார்த்தைக்கே பயந்தவள்போல் விறுவிறுவென்று போய்விட்டாள்.

டமாரம் விசும்பலை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். தையல்காரன் மனைவியின் கையை இறுகப் பிடித்தான்.

மாடியறையில் யாரோ ஓடினார்கள். சின்னச் சின்னப் பாதங்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு.

உஷ்ஷ்.

பாதங்கள் நின்றுவிட்டன.

சோடா வாடை படிப்படியாகக் கீழிறங்கி வந்தது. அவள் கணவன் கையை விலக்கினாள். மகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டு மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ஓடுங்க செல்லங்களா! நல்லா ஓடுங்க! எவ அதட்டினாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்!"

வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு, தலைக்கு நேர் மேலே, தயங்கித் தயங்கி ஓர் அடி விழுந்தது. இன்னொன்று.

அப்புறம் நாலு கால்களும் தடதடவென்று ஓடத் தொடங்கின.