கண்ணாடிக்கு உள்பக்கம்

வலப்பக்க ஹெட்லைட்டில் இருந்த கைரேகை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

வெளியில்தான் என்று நினைத்து ஃபியூஸ் அதைப் பனியன் துணியால் துடைத்தான். போகவில்லை. ஸ்பிரிட் ஊற்றி, கை வலிக்கத் தேய்த்தான். அப்போதும் போகவில்லை. இருபது வருஷமாக வண்டி வயரிங்கே கதி என்று கிடப்பவன், தொட்டதற்கெல்லாம் பட்டென்று எகிறுவான் என்பதால் ஊர் முழுக்க அவனுக்கு ஃபியூஸ் என்றே பெயர். கோந்து வைத்து அடைத்த விளக்குக்குள் தூசியே போகாது, விரல் எப்படிப் போகும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், வண்டியக் கண்ணு வைக்கிறீங்களா?"

தங்கையின் புருஷன் சிரித்தான். நேற்றுத்தான் வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், பால் வெள்ளை, தரையை நக்குகிற மாதிரி தாழ்ந்த மூக்கு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கையால் தொட்டவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, தானே நூறு தடவை தடவிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஓனர் ஓட்டுன வண்டி. ஒரு கீறல் கிடையாது. டிஆர்எல், அதான் அந்தப் பகல் லைட்டு, புருவம் மாதிரி வளைஞ்சு வரணும், பட்டப்பகல்லயே எரியணும். பல்பு மஞ்சளா அழுது வடியுது, அதையும் மாத்திடுங்க."

"சாயங்காலம் மலைக்குப் போறோம்ணா," என்றாள் தங்கை. "உன் மாப்பிள்ளை அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் தாங்க மாட்டாரு."

அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. அதைக் கெடுக்க மனமில்லாமல் ஃபியூஸ் ஸ்பேனரை எடுத்தான்.

பம்பரைக் கழற்றி, வலப்பக்க விளக்கின் பின்னாலிருந்த வயர்களை வெளியே இழுத்தபோது பச்சை டேப் தெரிந்தது. மூன்று சுற்று. அடுத்த தடவை பிரிக்க லேசாக இருக்கட்டும் என்று நுனி மடித்து ஒட்டியிருந்தது. அப்படி மடிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். அது ஃபியூஸேதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த வண்டி சிவப்பு. கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றது. தொப்பியைக் கழற்றாத ஒரு நெட்டை ஆள், "நாய் குறுக்க வந்துடுச்சு" என்றான். உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது நீளமான முடி சுருள் சுருளாக வந்தது, வேரில் தோலோடு. அதற்கும் உள்ளே, பல்பு மாட்டும் துளையில் ஏதோ சிக்கியிருந்தது. மூக்குக் குறடால் திருகி இழுத்தான். ஒரு சுண்டுவிரல். நகத்தில் பாதி உதிர்ந்த ரோஸ் நிறப் பூச்சு.

நெட்டை ஆள் அவனைப் பார்த்தான். அவன் நெட்டை ஆளைப் பார்த்தான். பிறகு ஃபியூஸ் விரலைச் சாக்கடையில் போட்டான். விளக்குக் கூட்டைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் நிறம் மாறும்வரை கழுவி, வேறு கண்ணாடி பொருத்தி, கோந்து வைத்து அடைத்து அனுப்பினான். நெடுஞ்சாலையோரம் ஒரு பெண் கிடந்தாள், விடியும்வரை உயிர் இருந்தது என்று இரண்டு நாள் கழித்து டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காதில் விழாதவன் போல டீயைக் குடித்து முடித்தான்.

இப்போது அந்த ரேகையை மறுபடி பார்த்தான். கட்டைவிரல். அதற்குமேல் மூன்று. சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மாப்பிள்ளை," என்றான். "இந்த வண்டி..."

"சொல்லுங்க மச்சான்."

தங்கை டீ கிளாஸை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தான். சொன்னால், ஏன் கழுவினாய் என்று கேட்பாள். போலீசும் அதைத்தான் கேட்கும். "நல்ல வண்டிதான்," என்று முடித்துக்கொண்டான்.

விளக்கைப் பிரிக்க அதை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். கோந்து இளகும் வாசனை அவனுக்குச் சோற்று வாசனை மாதிரி பழக்கம். இன்று அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை கிளம்பி, ஷெட்டின் கிரீஸ் நாற்றத்தையும் பெட்ரோல் நெடியையும் மீறி மெல்ல மெல்ல மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்தது. முடி கருகும் வாசனை. "அய்யே, என்னண்ணா இது?" என்று தங்கை முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ரப்பர் என்றான். கண்ணாடியைப் பிரித்து, ரேகையை ஸ்பிரிட்டால் அழித்து, எல்.இ.டி. பட்டையைப் புருவமாக வளைத்து ஒட்டினான். வெறும் விரல் பட்டால் சூட்டில் வெடிக்கும் என்று புது பல்புகளைத் துணியால் பிடித்தே மாட்டினான். அடைத்தான். டிஆர்எல் வயரை இக்னிஷன் லைனில் சேர்த்தான். சாவி போட்டு எஞ்ஜின் ஓடினால்தான் அது எரியும்.

விளக்கை வண்டியில் பூட்டிவிட்டு நிமிர்ந்தான். ரேகை மறுபடி இருந்தது.

இன்னும் ஒரே வேலைதான், முடித்துத் தொலைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஷட்டரை இறக்கினான். மத்தியான வெயில் அறுபட்டு ஷெட் இருண்டது. இருபத்தைந்து அடி தள்ளிப் பின்சுவரில் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்த்துத் திருக வேண்டும். டிரைவர் சீட்டில் ஒரு ஆள் கனம் இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்பதால் தங்கை ஆசையாக ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சாக்பீஸோடு சுவரோரம் போனான். சுவர்ப்பக்கம் ஆள் நின்றால் சாவி ஃபியூஸின் பையில்தான் இருக்கும். இருபது வருஷத்தில் அதை அவன் ஒரு நாளும் மீறியதில்லை. இன்றும் பையில் போட்டான். ஹெட்லைட் எரியச் சாவி தேவையில்லை.

"லைட்டப் போடும்மா."

வெள்ளை வெளிச்சம் சுவரில் அறைந்தது. மாப்பிள்ளையின் நிழல் இடது ஓரத்தில் விழுந்தது.

நடுவில் இன்னொன்று விழுந்தது.

ஒல்லியாக. ஒரு தோள் இறங்கி. தலை தோளில் தொங்க.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே வேறு யாரும் இல்லை. ஃபியூஸ் இரண்டு தடவை பார்த்தான். வெறும் தரை. எண்ணெய்க் கறை. அவ்வளவுதான்.

"அண்ணா, சுவத்துல யாரு அது?"

நிழல் பெரிதாயிற்று. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் பெரிதாகும். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. வண்டியை நோக்கி.

"ஆஃப் பண்ணு! லைட்ட ஆஃப் பண்ணு!"

"பண்ணிட்டேண்ணா! எரியுதே!"

புருவங்கள் இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

டிஆர்எல்.

பையைத் தொட்டான். சாவி இருந்தது. தொடையைச் சுட்டது.

"மாப்பிள்ளை, நகருங்க!"

எஞ்ஜின் உறுமியது. மாப்பிள்ளை திரும்பினான். சாக்பீஸ் கையில். வாயில் இன்னும் பாதிச் சிரிப்பு. வண்டி பாய்ந்தது.

எலும்பு நொறுங்குகிற சத்தம் எஞ்ஜினையும் மீறிக் கேட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை பானெட்மேல் கவிழ்ந்து கிடந்தான். பால் வெள்ளையில் சிவப்பு ஓடிப் பரவியது. வண்டி விடவில்லை. சக்கரங்கள் தரையில் வழுக்கிப் புகைந்தன. இன்னும் அழுத்தியது. இன்னும்.

தங்கை கதவை அறைந்தாள். திறக்கவில்லை.

ஃபியூஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினான். கதவுக்குப் போகவில்லை. வலது விளக்குக்குப் போனான். ஓங்கி அடித்தான். கண்ணாடி தெறித்தது. பல்பு வயரைப் பிடுங்க உள்ளே கையை விட்டான்.

உள்ளே இருந்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

ஜில்லென்று. நாலு விரல்.

இழுத்தான். அது விடவில்லை. அவன் சுண்டுவிரலை மட்டும் பிரித்து எடுத்து உடைந்த கண்ணாடி விளிம்பில் வைத்து அறுத்தது. முன்னும் பின்னும். அவசரமே இல்லாமல். அவன் அலறினான். கடைசித் தசைநார் அறுந்ததும் பின்பக்கமாக விழுந்தான். கையைப் பார்த்தான். நாலு இருந்தது.

இடது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் குனிந்த முதுகுக்கு மேலே, சுவரில், அந்த நிழல் ஒரு கையைத் தூக்கி விரித்தது. ஐந்து விரல். அவற்றை மெதுவாக மடக்கி, நீட்டிப் பார்த்தது.

பிறகு சுவரில் யாரும் இல்லை.

"அண்ணா..." தங்கையின் குரல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. "பக்கத்து சீட்டுல... யாருண்ணா இவ?"

அவனுக்குத் தெரியும். அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தங்கையின் இரண்டு கையும் கதவுப் பிடியில் இருந்தன. முன் கண்ணாடியில், உள்பக்கமாக, ஐந்து விரல் ரத்த ரேகை ஒன்று பதிந்தது.