கண் திறந்ததும் கலைந்த அலை

குடிகாடு. 2009 ஆகஸ்ட், காலை ஏழு மணி. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வினோதினி குப்புற மிதந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"வலிப்பு மேடம். துணி அலசப் போனவ உள்ள விழுந்துட்டா. போன மாசம்தான் சிதம்பரத்துல மூளைக்கு டெஸ்ட் எடுத்தோம்."

கணவன் சிலம்பரசன், மூளையின் மின் அலைகள் பதிந்த இஇஜி சுருளை நீட்டினான். பொண்டாட்டி பிணத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் எடுத்துக் கொடுக்கிறவனை இன்ஸ்பெக்டர் அறிவுமதிக்குப் பிடிக்கவில்லை. அதற்காகக் கைது செய்ய முடியுமா?

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அம்மா விருத்தாம்பாள் ஓடிவந்து விழுந்து அழுதாள். "எம் பொண்ணுக்கு வலிப்பே கெடையாதும்மா. எப்பிடிச் செத்தான்னு கண்டுபுடிச்சிக் குடுங்க, போதும்."

காரியமெல்லாம் முடிந்ததும் அறிவுமதியே அவளை ஜீப்பில் கொண்டுபோய் விட்டாள். வீட்டுக்குப் படல் கதவுதான், பூட்டு கிடையாது. ஆனால் கிழவி இடுப்பில் கனமான இரும்புச் சாவிக்கொத்து. முன்கையில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள்.

மறுநாள் சிதம்பரம். நரம்பியல் டாக்டர் ஞானசேகரன் சுருளை மேசையில் விரித்தார்.

"ஆள நான் பாக்கல, சுருள மட்டும்தான் பாக்கறேன். வலிப்பு நோய்தான். இந்தக் கூர்முனைங்களப் பாருங்க."

"தலைக்கு வெளிய ஒயர் ஒட்டினா உள்ள நடக்கறது எப்பிடி டாக்டர் தெரியுது?"

"ஒத்த நியூரானோட மின்சாரம் வெளிய தெரியாது, அவ்ளோ கம்மி. ஒரே பக்கமா அடுக்கி நிக்கற ஆயிரக்கணக்கான நியூரானுங்களுக்கு ஒரே நேரத்துல சேதி வரணும். அப்ப எல்லா மின்சாரமும் கூடி மண்டையோட்டத் தாண்டி வரும். தேர் இழுக்கறப்ப எல்லாரும் சேந்து குரல் குடுத்தா நாலு வீதிக்கும் கேக்குது. ஆளாளுக்குப் பேசுனா வெறும் எரைச்சல். வலிப்புன்னா கூட்டமே கட்டுமீறி ஒண்ணா கத்தறது."

விரலைப் பின்மண்டைக் கோட்டுக்கு நகர்த்தினார். "இங்க கண்ண மூடியிருக்காங்க. பாக்கற வேலை இல்ல, பார்வையக் கவனிக்கற அந்த எடத்து நியூரானுங்க ஒரே தாளத்துல இருக்கு, அலை சீரா வருது. இங்க கண்ணத் தெறந்தாங்க. ஒவ்வொண்ணும் தன் வேலைக்குப் போயிடுச்சி, அலை கலைஞ்சிபோச்சி. நல்ல பார்வை உள்ள ஆளு."

அறிவுமதி எழுந்தே விட்டாள். "டாக்டர், செத்துப்போன பொண்ணுக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாது."

"அப்ப இந்த அலையே அனேகமா இருக்காது. இது வேற யாரோட மூளையோ."

பொண்டாட்டிக்கு இல்லாத பார்வையும் அந்தக் காகிதத்தில் பதியும் என்று பாவி நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை விருத்தாம்பாள் வீடு.

"பூட்டில்லாத வீட்டுக்குச் சாவி எதுக்கும்மா? வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கத்தானே? அடுப்புல விழுந்த தழும்புதானே இது?"

விருத்தாம்பாள் தலை குனிந்தாள். "எனக்குத்தாம்மா வலிப்பு. மாப்ளதான் சிதம்பரத்துக்கு இட்டுனு போனாரு. வினோதினியோட ஊனமுற்றோர் அட்டையக் காட்னா காசு கேக்க மாட்டாங்க, பேரு கேட்டா அவ பேரயே சொல்லுன்னாரு. அங்க அட்டைய யாரும் உத்துப் பாக்கல. தப்புன்னு பயந்துதான் மறைச்சேன்."

"ஒரு மாசம் முன்னாடியே அவளுக்கு வலிப்பு தயார் பண்ணியிருக்கான்மா. தொட்டியில தள்ளுனது உங்க மாப்ளதான்." கையோடு போன் போட்டு, குடிகாட்டில் அவனைப் பிடிக்கச் சொன்னாள் அறிவுமதி. "கோர்ட்டுல இத நீங்க சொல்லணும்."

"சொல்றேன்." கிழவிக்கு அழுகைகூட வரவில்லை. "டெஸ்ட் எடுத்த அன்னிக்கி சாயங்காலம் பொண்ணு போன் பண்ணா. இங்க இருக்க முடியலம்மா, வந்துடறேன்னு அழுதா. எனக்கே இவ்ளோ செய்யறாரு, தங்கமான மனுசன், உட்டுட்டு வராதடின்னேன்."

அறிவுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிம்மான்னு வெச்சிட்டா."