கையெழுத்துக்கு மட்டும் இடம்

காலையில் முதல் வேலை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். ஜெசிந்தா மின்பெட்டியின் முன்னால் நின்று பூட்டின்மேல் கட்டைவிரலை வைத்தாள். பூட்டு அவள் பெயரைச் சொன்னது, படித்த தொழிற்பயிற்சி நிலையத்தைச் சொன்னது, உயரழுத்த வேலைக்கு அவளுக்குத் தகுதி உண்டு என்று சொல்லிப் பச்சை விளக்கைப் போட்டது. பிறகுதான் கதவு திறந்தது. தூத்துக்குடியில் இப்போது எந்த மின்பெட்டியும் அப்படித்தான் திறக்கும், வீட்டு வாசலில் இருக்கும் சின்னப் பெட்டி உட்பட.

போலி உரிமக்காரர்கள் செய்த வயரிங்கால் அடுக்குமாடிகள் எரிந்த பிறகு வந்த சட்டம் அது. மின்பணியாளர்களின் பயிற்சி, தேர்வு, உரிமம் எல்லாம் 'சான்றுச் சங்கிலி' என்ற பிளாக்செயினில் ஏறின. அவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு கண்ணியாக அதில் சேர்ந்தது. எத்தனையோ கணினிகளில் ஒரே சமயத்தில் பதிவதால் யாராலும் அதை அழிக்கவோ திருத்தவோ முடியாது. ஜெசிந்தாவுக்குச் சங்கிலியைப் பிடித்திருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், கதவைத் திறப்பவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எலக்ட்ரீசியன் வரவில்லையா என்று கேட்பார்கள். சங்கிலி வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றுபோயிற்று.

புதிதாக உரிமம் வாங்குபவருக்கு, ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு வேலை தெரியும், நான் பொறுப்பு என்று அதற்குப் பொருள். தொம்மைக்கு அதைப் போட்டவள் ஜெசிந்தா. தொம்மை அவளைவிட மிகவும் மூத்தவர். விசைப்படகில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்து, நாற்பது தாண்டி இந்தத் தொழிலுக்கு வந்தவர். தேர்வில் தேறியும், அந்த வயதில் புதிதாக வந்தவருக்குக் கையெழுத்துப் போட எவரும் முன்வரவில்லை. ஜெசிந்தா அவரைக் கூட வைத்து வேலை செய்து பார்த்தாள், பிறகு போட்டாள். அவள் அவரை அண்ணன் என்றாள். அவர் கேலியாக அவளை மேஸ்திரி என்றார்.

ஒரு நண்பகலில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மின்மாற்றிக் கூடத்தில் தொம்மை ஷாக்கடித்து இறந்துபோனார்.

அன்று மாலையே சங்கிலி தன் முடிவைத் தானாக எழுதிவிட்டது. கடைசியாகத் தொட்ட கை: தொம்மை. காரணம்: பயிற்சிக் குறைவு.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது, காஜா மைதீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மீன் குளிர்கிடங்கில் மின்வேலை பார்ப்பவர் அவர். தொம்மை இறந்த கூடத்துக்கு அடுத்த கட்டடம். தொம்மை இணைப்பைத் துண்டித்துப் பூட்டியதையும், மின்சாரம் இல்லை என்று சோதித்ததையும் அவர் நேரில் பார்த்திருந்தார். அதற்குப் பிறகு கிடங்கின் புதிய பேட்டரியிலிருந்து திடீரென்று மின்சாரம் தொம்மை கைவைத்திருந்த இணைப்புக்குள் ஓடியதையும் பார்த்திருந்தார். அதைத் திறந்துவிட்டது மனிதக் கை இல்லை. நகரத்தில் எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை என்று பார்த்து மின்சாரத்தைத் திருப்பிவிடும் தானியங்கிப் பங்கீட்டு முறை. பணியாளர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பங்காளி'.

பங்காளி செய்தது சங்கிலியில் ஏன் ஏறவில்லை என்று ஜெசிந்தா கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். சங்கிலி உரிமம் உள்ளவர்களின் வேலையைத்தான் எழுதும். இயந்திரத்துக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டம் சொன்னது. அதனால் எந்த விபத்திலும் கடைசியாகத் தொட்டது ஒரு மனிதக் கையாகவே இருந்தது.

மறுநாள் ஆலையில் அவள் விரல் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. பிணை நின்றவள் என்பதால் அவள் உரிமமும் முடங்கியிருந்தது.

மின்வழங்கல் நிறுவனத்தில் உரிமங்களைக் கவனித்த அதிகாரி ஹரிப்ரியா அவளை வரச் சொன்னாள். மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரு வழி இருக்கிறது என்றாள். பிணைக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். தொம்மைக்குப் போதிய பயிற்சி இல்லை, தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் ஜெசிந்தாவின் உரிமம் அன்றே திரும்பிவிடும். தொம்மையின் உரிமம் தொடக்கத்திலிருந்தே செல்லாததாகும். உரிமமில்லாத ஒருவர் அத்துமீறி நுழைந்து இறந்ததாகக் கோப்பு மூடப்படும். காஜா மைதீன் பார்த்ததை ஜெசிந்தா சொன்னாள். சாட்சி சொல்லச் சங்கிலியில் இடமில்லை என்று ஹரிப்ரியா வருத்தத்தோடுதான் சொன்னாள்.

"அவர் திரும்பி வரப்போறதில்லை. நீங்க இருக்கீங்க, உங்க வேலை இருக்கு. யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன இருக்கு மேடம். அண்ணனுக்கு வேலை தெரியும்னு நான் கையெழுத்துப் போட்டேன். அது அன்னைக்கும் உண்மை, இன்னைக்கும் உண்மை. எடுக்க மாட்டேன்."

தொம்மையின் மனைவி பிலோமினாவிடம் போய் அவள் இதைச் சொன்னாள். பிலோமினா அவளை உட்காரவைத்தாள். பிறகு, கையெழுத்தை எடுத்துவிடு, நீயாவது பிழைத்துக்கொள் என்றாள். வெறுப்பில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னாள். ஜெசிந்தாவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"மைனி, நீங்களே சொன்னாலும் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வேலையில்லாத நாட்கள் போயின. ஒருநாள் பகலில் துறைமுக டீக்கடையில் காஜா மைதீன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, தன் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். தொம்மையின் சான்றுக்குக் கீழே, ஜெசிந்தாவின் பெயருக்கு அடுத்ததாக, காஜா மைதீன் என்று இருந்தது. இறந்தவருக்குப் பிணை நிற்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அப்படி ஒருவர் நிற்பார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. காஜா மைதீனின் உரிமமும் அந்த நொடியே முடங்கிவிட்டது.

பிள்ளைகுட்டி இருக்கிற மனிதர் இப்படிச் செய்யலாமா என்று ஜெசிந்தா அவரைத் திட்டினாள். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"நான் பாத்தத எழுத அதுல இடமில்ல, தங்கச்சி. கையெழுத்துக்கு மட்டுந்தான் இடம் இருக்கு. அதான் போட்டேன்."

அடுத்து கையெழுத்துப் போட்டவர்கள் துறைமுகக் கிரேன்களைப் பார்ப்பவர்கள். பிறகு உப்பளத்து மோட்டார்க்காரர்கள். தொம்மையைப் பார்த்தே இராதவர்களும் போட்டார்கள். நாளைக்கு என் கையும் கடைசிக் கையாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னது நகரம் முழுக்கப் பரவியிருந்தது. அரசு மருத்துவமனையில் வேலை செய்த பெண்களும் தயாரானபோது ஜெசிந்தா நேரில் போய்த் தடுத்தாள். மருத்துவமனையும் குடிநீரும் நிற்கக் கூடாது என்றாள். நாங்கள் மட்டும் பயந்தவர்கள் என்று பேர் வாங்கவா என்று அவர்கள் கோபப்பட்டார்கள். கடைசியில், முறைத்துக்கொண்டேதான், கேட்டுக்கொண்டார்கள்.

நகரத்தின் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு ஃபியூஸ் போனால் மாற்ற ஆளில்லை. கிரேன்கள் கப்பலுக்கு மேலே கை நீட்டியபடி நின்றன. ஐஸ் உருகி, மீன் ஏலம் பாதியில் நின்றது. மக்கள் முதலில் ஜெசிந்தாவைத்தான் ஏசினார்கள். அவள் வீட்டு வாசலில் அழுகிய மீனைக் கொட்டிவிட்டும் போனார்கள். அவள் அதை அள்ளிப் புதைத்துவிட்டு, பெட்டி வேலை செய்யாத வீடுகளுக்கு நடந்து போய், நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்களில் சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள்.

நிறுவனம் மதுரையிலிருந்து ஆட்களை வரவழைத்தது. பேருந்தில் வந்தவர்கள் துறைமுகத்தில் இறங்கி விஷயத்தைக் கேட்டார்கள். பாதிப்பேர் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பேருந்தில் திரும்பிப் போனார்கள். மீதிப்பேர் ஊருக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகுதான் விசாரணை வைத்தார்கள். கலெக்டர் அலுவலகத்தில் மேசை போட்டு, மனிதர்கள் கேட்க மனிதர்கள் பேசிய விசாரணை. காஜா மைதீன் தான் பார்த்ததைச் சொன்னார். பேட்டரியின் நினைவகத்தைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. தொம்மையின் மேல் தவறில்லை என்று புதிய கண்ணி ஏறியது. பழையதை அழிக்க முடியாது; 'பயிற்சிக் குறைவு' என்ற வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தீர்ப்பைக் கேட்ட பிலோமினா, அதைப் படிப்பவர்கள் கீழேயும் படிக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். எல்லோருடைய உரிமமும் திரும்பியது.

பங்காளிக்கும் இனி உரிமம் வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் என்றால் பிணைக் கையெழுத்து வேண்டும். ஹரிப்ரியா மறுபடியும் ஜெசிந்தாவை வரச் சொல்லி, நீங்கள் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்றாள்.

"அது தப்புப் பண்ணினா நான் முடங்கணும், சரி. அது கையில ஷாக் அடிக்குமா மேடம்? அடிக்காதுன்னா அதுக்கு நான் எப்படிப் பிணை நிக்க?"

வேறு பலரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் போடவில்லை. பிணை கிடைக்காததால், ஆள் வேலை செய்யும் இணைப்பில் தானாக மின்சாரம் விடும் அதிகாரம் பங்காளிக்கு இல்லாமல் போயிற்று. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், வேலை செய்பவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே விட வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் முதல் அழைப்பு வந்தபோது ஜெசிந்தா பழைய துறைமுகத்தில் ஒரு மின்மாற்றிக்குள் குனிந்திருந்தாள். பேசியது ஹரிப்ரியாதான், புது ஏற்பாட்டைப் பார்க்க அன்று கட்டுப்பாட்டு அறையில் அவளே உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிக்குக் கரண்ட் இல்லை, தொழிற்சாலைக்காரர்கள் நெருக்குகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"கையை எடுத்தாச்சா?"

"இல்ல. உள்ளதான் இருக்கு. இருங்க."

ஜெசிந்தா அவசரப்படவில்லை. ஒரு முனையை இறுக்கினாள், அடுத்ததை இறுக்கினாள், முதலில் இறுக்கியதை இன்னொரு முறை சரிபார்த்தாள். மறுமுனையில் ஹரிப்ரியா மூச்சு விடுவது கேட்டது. ஊர் காத்திருந்தது.