பதிவில் விழாத மறுபாதி

ஷைஜாவின் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குளோரி லேப்டாப்பின் ஒலியைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். திரையில் ஓடிய பதிவில் அவள் மகள் குவைத்தில், ஆஸ்பத்திரி விடுதிக் கட்டிலில், தலையில் முக்காடு போட்டு செபமாலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டதென்னவோ குளோரியின் குரல்தான். அருள் நிறைந்த மரியே என்று முதல் பாதி, அப்புறம் ஒரு வெறும் இடைவெளி, மறுபடி முதல் பாதி. மாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் அதே கதை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. விளையாட்டுக்கா பதிவு செய்கிறாள்? வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து ஷைஜாவுக்கு வார்டு மாறுகிறது. இங்கே சாயங்காலம் ஏழு மணியாகும்போது அங்கே அவள் டூட்டியில் இருப்பாள். கணவன் ததேயுஸ் செத்து நாலு வருஷம். இருந்தபோதும் செபம் தொடங்கினால் அந்த மனுஷன் பீடியோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். செபமாலையை ஒருத்தியாகவும் சொல்லலாம்தான், யார் தடுத்தார்கள்? ஆனால் முதல் பாதியையும் தானே சொல்லி, பதிலையும் தானே சொல்லி, நாலு சுவருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். மகளின் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டால் தினமும் அதை ஓடவிட்டுக் கூடச் சொல்லலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

மத்தியானம் போன் போட்டுக் கேட்டாள்.

“அது ஒண்ணுமில்லம்மா,” என்றாள் ஷைஜா. “நீ மைக்கை மட்டும் ரெக்கார்ட் பண்ணியிருக்க. ஒனக்க ரூம்ல கேக்குறதுதான் அதுல விழும். கம்ப்யூட்டர் சவுண்டுன்னு ஒரு கட்டம் உண்டு, அதுல டிக் போடு. அப்பதான் எனக்க சத்தமும் விழும்.”

“அப்ப இந்த நாலு நாளும் எடுத்தது?”

“அதுல நான் இல்லம்மா. போனது போச்சு.”

போச்சு என்று விட மனசு வருமா? துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து, வண்டிகள் எல்லாம் தேங்காய்ப்பட்டணம் பக்கம் போய்விட, காற்றில் உப்பும் டீசலும் மட்டும் மிச்சமிருந்த அந்த நேரத்தில், குளோரி ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, ஒலியை முழுசாகக் கூட்டி, திங்கள்கிழமைப் பதிவின் முதல் இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மின்விசிறியின் முனகல் கேட்டது. தூரத்தில் கடல். அதற்கு நடுவே, மெலிசாக, யாரோ பதில் சொல்கிற முணுமுணுப்பு.

குளோரி சிரித்தேவிட்டாள். “பிள்ளைக்க சத்தம் கெடக்குது பாரு!”

மகிழ்ச்சி மாலையில் இரண்டு மணி தாண்டவில்லை. மூன்றாம் மணியில், திரையில் ஷைஜா விக்கல் எடுத்துப் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. அவள் தொண்டையில் தண்ணீர் இறங்க இறங்க அது பதிலைச் சொல்லி முடித்தது.

குளோரி பதிவை நிறுத்தினாள். தன் சத்தமே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்று மகள் குறைபட்டதால்தான், பதிவு தொடங்கின முதல் நாளே அவள் ஹெட்போன் வாங்கினாள். செபம் முடிகிற வரை அதைக் கழற்றியதில்லை. மகளின் குரல் காதுக்குள்ளேயே நின்றுவிடும், அறைக்குள் வராது. மைக் பிடித்ததெல்லாம் அறையில் கேட்டது மட்டும்.

அவள் செவ்வாயைத் திறந்தாள். முணுமுணுப்பு இன்னும் கொஞ்சம் தெளிவு. புதன். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல், நிதானமாக, ஒரு சொல்கூடத் தவறாமல். வியாழன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அது மூச்சு விடுவதும் கேட்டது. அவ்வளவு பக்கம்.

எங்கேயாவது ஓடிவிடலாம். எங்கே? ஏழு மணிக்கு அழைப்பை எடுக்காவிட்டால் பிள்ளை பதறிப்போவாள். அதோடு மிச்சமிருப்பது மூன்றே மூன்று சாயங்காலம். அதில் ஒன்றை இழக்க குளோரிக்கு மனசில்லை. வீட்டிலுள்ள விளக்கையெல்லாம் போட்டாள். பின்னால் ஒன்றும் நிற்க முடியாதபடி நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஹெட்போனை மாட்டி, மகள் சொன்ன கட்டத்தில் டிக் போட்டாள். திரையின் ஓரத்தில், சத்தத்துக்குத் தக்கபடி எழுந்து அடங்கும் இரண்டு பச்சைக் கோடுகள் வந்தன. ஒன்று மைக், ஒன்று கம்ப்யூட்டர்.

ஏழு மணிக்கு ஷைஜா திரையில் வந்தாள். “அம்மா, இன்னைக்கு அந்த அக்கா வரல்லியா?”

“எந்த அக்கா?”

“ஒனக்க கூட இருந்து செபம் சொல்லுதே, அதுதான். நாலு நாளா கேக்குதே. எனக்கு எவ்வளவு சமாதானம் தெரியுமா? ஒண்ணாந்தேதிக்குப் பெறவு அம்மா ஒத்தைக்கு இருப்பாளேன்னு எனக்கு ஒறக்கமே இல்ல.”

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு மகளின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வாள், பாவம்?

“வரும் மக்கா,” என்றாள் குளோரி.

செபம் தொடங்கியது. அவள் முதல் பாதி சொன்னபோது மைக்கின் கோடு எழுந்து அடங்கியது. ஷைஜா பதில் சொன்னபோது கம்ப்யூட்டரின் கோடு எழுந்தது. கூடவே மைக்கின் கோடும் எழுந்தது.

குளோரி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

பக்கத்தில் பார்க்கவில்லை. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டாள். மகளின் குரல் காதில் இருக்கிறவரை பயமில்லை. பத்து மணி உருண்டது. இருபது. இருபத்தொன்றில் ஷைஜாவின் படம் அப்படியே நின்றது. பாதி திறந்த வாய். காதில் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரின் கோடு படுத்துவிட்டது.

மைக்கின் கோடு படுக்கவில்லை.

எழுந்தது. அடங்கியது. எழுந்தது. விட்ட இடத்திலிருந்து பதிலைச் சொல்லி முடித்து, நின்றது.

இனி அவள் முறை.

விரலில் அடுத்த மணி. உதடு பிரியவில்லை. நெட் வரும். இப்போது வந்துவிடும். மாதாவே, பிள்ளையின் குரலைத் திருப்பிக் கொடு.

கோடு அசையவில்லை. அது காத்திருந்தது.

பிறகு, அவள் வலது காதிலிருந்து ஹெட்போன் மெல்லத் தூக்கப்பட்டது, காதோடு ஏதோ சொல்லப்போகிறவர்கள் முடியை ஒதுக்குவதுபோல, அத்தனை பிரியமாக.