உதடு ஒட்டாத ஆமை

இப்போதெல்லாம் ஜனங்கள் எதற்கெடுத்தாலும் கைதட்டிவிடுகிறார்கள். பிள்ளை மேடை ஏறினால் கைதட்டு, இறங்கினால் கைதட்டு. நடுவில் பாட்டை மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தால் இன்னும் பலமாகக் கைதட்டு. இப்படியே போனால் நாளைக்குத் தும்மினாலும் தட்டுவார்கள்.

சவாத்திஸுக்கு இது அறவே பிடிக்காது. அவர் வாலிபத்தில் நியூயார்க்கில், மேகம் உரசும் உயரத்தில், இரும்புச் சட்டத்தின் மேல் நடந்து வேலை பார்த்தவர். அங்கே ஒருவரும் கைதட்டவில்லை. போல்ட் இறுகியிருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் பேச்சு.

இப்போது அவர் நியூயார்க்குக்கு வடக்கே, மொஹாக் பழங்குடியினர் வாழும் கானவாகே ஊர்ப் பொதுக்கூடத்தில் திரை இழுக்கிறவர். கயிறு அவர் கையில் இருக்கும். மேடை ஓரத்தில் நின்று எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன வருடம் அந்த மேடையில் வாரி ஏறினாள். வாரி அவருடைய அக்கா மகள் தெரேஸின் பெண். பத்து வயது. எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் காட்டியது பொம்மை பேசும் வித்தை. நம் வாய் அசையக் கூடாது, பொம்மை பேசுவதுபோல் இருக்க வேண்டும்.

காலுறையில் செய்த நாய் ஒன்று அவள் கையில் இருந்தது. அது ஆங்கிலத்தில், “மை நேம் இஸ் பாபி” என்று தொடங்கியது. உடனே வாரியின் உதடு மீன் வாய் மாதிரி மூடி மூடித் திறந்தது.

“ஏய் குட்டி! நாய் பேசல, நீதான் பேசுற!” என்று ஓரத்திலிருந்து கத்தினார் சவாத்திஸ்.

கூடமே சிரித்தது. அப்புறம் வழக்கம்போலக் கைதட்டியது.

இந்த வருடம் ஜூன் மாதம் வந்ததும் வாரி அவர் எதிரில் வந்து நின்றாள்.

“தாத்தா, சனிக்கிழமை நான் மறுபடியும் பொம்மையோட மேடை ஏறப்போறேன்.”

“ஏறு, ஏறு. கைதட்டத்தான் ஊரே காத்துக்கிட்டு இருக்கே.”

“அந்தக் கைதட்டு எனக்கு வேணாம். பாவம்னுதானே தட்டினாங்க? எனக்குத் தெரியாதா?”

சவாத்திஸ் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

“இந்தத் தடவை அப்பா வர்றாரு. போன வருசம் அவரால வர முடியல. அவர் முன்னாடி ஒழுங்கா செய்யணும்,” என்றாள் வாரி.

அவள் அப்பா கோர் இன்னும் நியூயார்க்கில்தான் இரும்பு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை வண்டியோட்டி வருவார், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போய்விடுவார். சில வாரம் அதுவும் இல்லை.

“அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க,” என்றார் சவாத்திஸ். “உன் உதடு ஒரே ஒரு தடவை ஒட்டினாலும் திரையை இறக்கிடுவேன். வீட்டுப் பிள்ளைன்னு பார்க்க மாட்டேன்.”

“மாமா! குழந்தைகிட்ட பேசுற பேச்சா இது?” என்று தெரேஸ் சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள்.

“சரி தாத்தா,” என்று வாரி கையை நீட்டினாள். கிழவரும் கையைக் குலுக்கினார்.

அன்றே பயிற்சி ஆரம்பமானது. சமையலறை மேசையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். கீழுதட்டில் ஸ்ட்ராபெர்ரி ஜாமைத் தடவினாள். உதடு ஒட்டினால் மேலுதட்டிலும் ஜாம் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி பொய் சொல்லாது.

“மை நேம் இஸ் பாபி.” மேலுதட்டில் ஜாம்.

நக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினாள். “பாபி.” மறுபடியும் ஜாம்.

எதிரில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்த சவாத்திஸ் கேட்டார், “ஜாம் பாட்டிலைக் காலி பண்ண இப்படியும் ஒரு வழியா?”

நீங்களும் வேண்டுமானால் உதட்டை ஒட்டாமல் ‘பாப்பா மாம்பழம்’ என்று சொல்லிப் பாருங்கள். வராது. வந்தது என்றால் நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்.

வாரி விடவில்லை. மறுநாளும் ஜாம், அதற்கு மறுநாளும் ஜாம். கன்னம் வலித்தது. உதட்டோரம் சிவந்துபோனது. ‘பாபி’க்குப் பதில் ‘தாதி’ என்று சொல்லிப் பார்த்தாள். நாய்க்குப் பல்வலி வந்த மாதிரி இருந்தது.

“விட்டுடு குட்டி,” என்றார் சவாத்திஸ்.

“விட மாட்டேன்,” என்று வாரி மறுபடியும் ஜாமைத் தடவினாள்.

அப்போது கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தெரேஸ் ஓங்கிக் குரல் கொடுத்தாள். அந்த வீட்டில் கடைக்காரரோடு பேசினால் ஆங்கிலம். கோபம் வந்தால் மட்டும் சொந்த மொழியான மொஹாக் தானாக வந்துவிடும்.

“வாரி! உங்கப்பாவோட பச்சைக் காலுறையில ஒண்ணைக் காணோம். எங்கடி போச்சு?”

வாரியும் அதே மொழியில் கத்தினாள். அப்பாவின் காலுறையில் ஓட்டை இருந்தது, அதனால்தான் எடுத்தேன், இன்னொரு பொம்மை செய்யப்போகிறேன், திட்டாதே என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேலுதடு சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு ஜாம் இல்லை.

“இஸ்தா!” என்று கூவினாள். ‘இஸ்தா’ என்றால் அவர்கள் மொழியில் அம்மா. “இஸ்தா! இன்னும் கொஞ்சம் திட்டு!”

“என்னது?”

“திட்டு! நல்லா திட்டு! நான் பதில் சொல்லணும்!”

தெரேஸுக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. கலைந்து கிடக்கும் படுக்கை, கழுவாத தட்டு, ஈரமான காலணி என்று வரிசையாக எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் வாரி மொஹாக் மொழியில் பதில் சொன்னாள், கண்ணாடியைப் பார்த்தாள், சிரித்தாள். உதடு திறந்தது, குவிந்தது, நீண்டது. ஆனால் ஒட்டவே இல்லை.

“பொண்ணுக்கு ஜாம் தலைக்கு ஏறிடுச்சு,” என்று சவாத்திஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாரி ஓடி வந்தாள்.

“தாத்தா, எங்க டீச்சர்கிட்ட கேட்டேன். நம்ம சொந்தச் சொல் எதுலயும் உதடு ஒட்டுற சத்தமே கிடையாதாம். உலகத்துல அப்படி இருக்கிற மொழி ரொம்பக் கொஞ்சமாம். மத்தவங்க எல்லாம் அம்மாவைக் கூப்பிடவே உதட்டை ஒட்டுறாங்களாம்.”

“உங்க டீச்சர் உலகம் பூரா போய் எல்லார் வாயையும் பார்த்துட்டு வந்தாங்களோ?”

“உங்க பேரையே பாருங்களேன். தேவாலயத்துல ‘பாப்டிஸ்ட்’னுதானே பேர் வெச்சாங்க? நம்ம வாய்க்கு வந்தப்ப அது சவாத்திஸ் ஆயிடுச்சு. மேரி வாரி ஆயிடுச்சு. அப்பா பேரு பால், கோர் ஆயிடுச்சு.”

“என் பேரை ஏன்டி இழுக்குற? அறுபது வருசத்துக்கு மேல இந்த மொழியைப் பேசுறேன். ஒட்டாம இருந்தா எனக்குத் தெரியாதா?” என்றார் சவாத்திஸ்.

ஆனால் அன்று சாயங்காலம் அவர் தனியாக ஆற்றங்கரைக்குப் போனார். எங்கேயாவது ஒரு சொல் இருக்கும், உதடு ஒட்டுகிற சொல் ஒன்றாவது இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றார். மரம், மீன், படகு, பனி என்று எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் முணுமுணுத்துப் பார்த்தார். திடீரென்று நாணல் புதருக்குள் என்னவோ கத்தியது. கிழவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை பொதுக்கூடம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் கோர் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க வண்டியோட்டி வந்த கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் தூங்கவில்லை, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

வாரி மேடைக்கு வந்தாள். நாய் பாபி இல்லை. சூப் கிண்ணத்தைக் கவிழ்த்து ஓடு செய்திருந்தாள். அதற்குள்ளிருந்து பச்சைக் காலுறை தலை நீட்டியது. அது ஒரு ஆமை.

சவாத்திஸ் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். வாரியின் வாய்க்கும் அவர் கண்ணுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

ஆமை பேசியது, மொஹாக் மொழியில்.

“ஊர்க்காரங்களே, நல்லா இருக்கீங்களா? ஆத்துல இருந்து நடந்தே வந்தேன். வீட்டையே தூக்கிட்டு வந்தேன். நீங்க காருல வந்தீங்க, இல்ல? எனக்கு ஒருத்தன் கூட நிறுத்தலையே!”

வாரியின் வாய் ஒரு கீற்றுத் திறந்திருந்தது, அவ்வளவுதான். உதடு ஒட்டவில்லை. (ஆமை பேசியதை நீங்களும் சொல்லிப் பாருங்கள். ஒட்டாது.)

எல்லாரும் வாரியின் வாயையே உற்றுப் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்தது, வெளியே நீட்டியது, நியாயம் கேட்டது. குழந்தைகள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள்.

சவாத்திஸ் இதற்குத்தான் காத்திருந்தார்.

“நிறுத்து!” என்று மேடை ஓரத்திலிருந்து கத்தினார். “ஆமை குளத்துலயும் இருக்குமில்ல? அங்க ராத்திரியெல்லாம் கத்துமே, பெரிய தவளை! அது பேரைச் சொல்லச் சொல்லு பார்க்கலாம்!”

எல்லார் தலையும் கிழவர் பக்கம் திரும்பியது. அவர்கள் மொழியில் பெருந்தவளைக்கு ‘ரபாபோட்’ என்று பெயர். தவளை கத்துகிற மாதிரியே யாரோ வைத்த பெயர். அதில் உதடு ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை ஒட்டும்.

ஆமை சட்டென்று ஓட்டுக்குள் போய்விட்டது.

“மாமா!” என்று கூட்டத்திலிருந்து தெரேஸ் பல்லைக் கடித்தாள். கோர் எழுந்தே நின்றுவிட்டார்.

கயிறு இறுகியது. வாரி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தாத்தாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. யோசிக்கிற கண் அது.

மெதுவாக, மிக மெதுவாக ஆமை தலையை நீட்டியது. நேராகக் கிழவர் பக்கம் திரும்பியது.

“யாரு, அவனா? என் எதிர் வீட்டுக்காரன். இருட்டினா ஒரே கத்தல். கழுத்தே கிடையாது, தொண்டைதான் இருக்கு. எந்நேரத்துல யாரைத் திட்டலா, எதைக் கெடுக்கலான்னு கரையிலயே உக்காந்திருக்கான். இதோ, கயித்தைக் கையில சுத்திக்கிட்டு நிக்கிறாரே, இவரோட சொந்தக்காரன்!”

சிரிப்பில் கூரை ஆடியது.

“பேரைச் சொல்லு! பேரை!” என்றார் சவாத்திஸ். அவர் முகம் சிவந்துவிட்டது.

“அவனோட எனக்குச் சண்டை. நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஊர்க்காரங்களே, அவன் யாரு? நீங்களே சொல்லுங்க!”

“ரபாபோட்!” என்று கூடமே கத்தியது. முன்வரிசைப் பொடிசுகளிலிருந்து கடைசி வரிசைக் கிழவிகள் வரை எல்லார் உதடும் இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தது. வாரியின் உதடு மட்டும் ஒட்டவில்லை.

கோர் கைதட்டவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். வாரி அதைப் பார்த்தாள். ஆமை தலை தாழ்த்தி வணங்கியது.

சவாத்திஸ் கயிற்றைத் தளர்த்தினார். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான், நியாயமாக, திரையை இறக்கினார்.

இறக்கிய கையோடு வந்து ஆமையைப் பிடுங்கினார். கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தார். காலுறைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். உதறினார், காதருகே வைத்துக் கேட்டார்.

“உள்ள என்னத்தை வெச்சிருக்க?”

“என் கையைத்தான் தாத்தா.”

“ரேடியோ இல்லையா?”

“இல்லை.”

“ஒட்டவே இல்லைங்கிறியா?”

“நீங்கதானே பக்கத்துல நின்னு பார்த்தீங்க!”

“பார்த்தேன். பார்த்ததையெல்லாம் நம்பிட முடியுமா?” என்று ஆமையை அவள் கையில் திணித்தார்.

கோர், “வாங்க மாமா, வண்டியில போயிடலாம்,” என்று கூப்பிட்டார்.

“நான் நடந்தே வர்றேன்.”

ஆற்றோரச் சாலையில் ஆள் இல்லாத இடம் வந்ததும் சவாத்திஸ் முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு விரலை இரண்டு உதட்டுக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டார். தன் மொழியில் ஊர் பெயரைச் சொன்னார். விரலை உதடு கவ்வவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னார், ரொட்டிக்கும் வலைக்கும் உள்ள பெயரைச் சொன்னார். கவ்வவில்லை. சாலையின் நடுவில் நின்றுவிட்டார்.

போன வாரம்தான் அவர் புதுப் பல்செட்டு மாட்டியிருந்தார்.

“செட்டு சரியில்ல. அதான் ஒட்டல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரலை எடுக்காமலே வீட்டைப் பார்த்து நடந்தார்.